அடைமழைக் காலத்து அடுப்புக்கு உலர்ந்த விறகு

தேனி, போடிநாயக்கனூர், சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களைச் சார்ந்த கிராமங்களில், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எந்த வீட்டின் கொல்லைப்புறம் சென்று பார்த்தாலும் ஒரே காட்சிதான் பெரும்பாலும் தென்படும். முற்றத்தில் நனைந்து கிடக்கும் விறகிலிருந்து நாலு கட்டையை எடுத்து வந்து, ஊதுகுழலைக் கையில் பிடித்து, கண்ணீர் வழிய அடுப்பை ஊதிக்கொண்டிருக்கும் தாய்மார்களை அங்கே காணலாம். விறகு நல்ல கருவேலாயிருக்கும். விலையும் குறைவின்றிக் கொடுக்கப்பட்டிருக்கும். ஆயினும் தீ பிடிப்பதில்லை. இதற்குக் காரணம் மரத்தின் குற்றமன்று. காலத்தில் வெட்டிப் பிளந்து உலர்த்தாத நமது குற்றமேயாகும்.

இக்காலத்தில் அநேக வீடுகளில் எரிவாயு அடுப்பு வந்துவிட்டது உண்மையே. எனினும் குளிப்பதற்கு வெந்நீர் போடுதல், மாட்டுக்குப் பருத்திவிதையும் புல்லரிசியும் வேகவைத்தல், கலியாணம், கோயிற் பொங்கல் முதலிய விசேஷங்களுக்குப் பெருஞ்சமையல் செய்தல் ஆகியவற்றுக்கு விறகடுப்பே இன்றும் பயன்படுகிறது. சிலிண்டர் தீர்ந்த நாட்களிலும், மார்கழிக் குளிரிலும் அதன் தேவை இன்னும் மிகுதி. ஆகையால் விறகை உலர்த்திச் சேமிக்கும் முறையைப் பற்றிச் சில விஷயங்களை இங்கே விவரிக்கலானோம்.

1. பச்சை விறகால் நேரும் நஷ்டம்

அப்போது வெட்டிய மரத்தில் ஏறக்குறையப் பாதி எடை நீரேயாகும். மரத்திற்கு மரம் இது கொஞ்சம் கூடவும் குறையவும் இருக்கலாம். நிழலில் நன்றாகக் காற்றாட உலர்ந்த விறகில் 15 முதல் 20 சதவீதம் வரையில்தான் நீர் எஞ்சியிருக்கும். அதற்கு மேலும் உலர்த்த வெயிலாலும் காற்றாலும் ஆகாது; நமக்கு அது தேவையுமில்லை.

இந்தக் கணக்கைப் பணக்கணக்காக்கிப் பார்ப்போம். ஒருவர் 100 கிலோகிராம் பச்சை விறகை எடை போட்டு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் மரம் 50 கிலோ. நீர் 50 கிலோ. அதே விறகு 15 சதவீத ஈரத்துக்கு உலர்ந்தபின் அதன் எடை சுமார் 59 கிலோவே இருக்கும். ஆகவே 41 கிலோ தண்ணீருக்கு அவர் விறகு விலை கொடுத்தவராகிறார். விற்பவன் எடைக்கல்லில் மோசம் செய்யவில்லை. வாங்குபவரே பருவம் தெரியாமல் வாங்கி நஷ்டமடைந்தார்.

அடுப்பில் வைத்த பிறகும் நஷ்டம் தொடர்கிறது. ஈரமே இல்லாத ஒரு கிலோ மரத்தில் சுமார் 4,500 கிலோகலோரி உஷ்ணம் அடங்கியிருக்கிறது. ஒரு கிலோ தண்ணீரைக் கொதிக்க வைத்து முழுதும் ஆவியாக்க 600 கிலோகலோரிக்கு மேல் செலவாகிறது. ஆதலால் பாதி நீருள்ள ஒரு கிலோ பச்சை விறகிலிருந்து 1,900 கிலோகலோரி அளவே மிஞ்சும். 15 சதவீத ஈரமுள்ள ஒரு கிலோ உலர்ந்த விறகிலிருந்தோ 3,700 கிலோகலோரி அளவு கிடைக்கும். எடைக்கு எடை பார்த்தால் ஏறக்குறைய இருமடங்கு. "பச்சை விறகு நின்று எரியும், உலர்ந்தது சட்டென்று தீர்ந்துவிடும்" என்று சிலர் சொல்வதுண்டு. நின்று எரிவது மெய். ஆனால் அந்நேரமெல்லாம் அது தன்னிடமுள்ள நீரைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறதேயன்றி நம் பானையிலுள்ள நீரையன்று.

2. விறகு எரியும் விதம்

விறகு எரிவது நேரே எரிவதன்று. மூன்று படிகளாக நிகழ்வது. முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகிறது. நீர் போகுமட்டும் கட்டையின் அப்பகுதி 100 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறுவதில்லை. அடுத்து, 200 டிகிரியைத் தாண்டியபின் மரம் சிதைந்து எரியக்கூடிய வாயுக்களை வெளிவிடுகிறது. மரத்தின் எடையில் ஏறக்குறைய முக்காற்பங்கு இவ்வாறு வாயுவாகவே போய்விடுகிறது. நாம் காணும் மஞ்சள் நிறச் சுவாலை இந்த வாயு எரிவதே. கடைசியில் எஞ்சும் கரி தணலாகச் சுவாலையின்றிக் கனன்று எரிகிறது.

இதில் முக்கியமாய்க் கவனிக்க வேண்டியது யாதெனில், அந்த வாயு எரிவதற்குப் போதிய உஷ்ணமும் காற்றும் இரண்டும் வேண்டும். பச்சை விறகிலிருந்து எழும் நீராவி தீயைக் குளிர்வித்துவிடுகிறது. வாயு பிறக்கிறது, ஆனால் எரியாமலே வெளியேறுகிறது. அதுவே புகை. கண்ணைக் கரிக்கும் புகையென்பது நாம் விலை கொடுத்து வாங்கிய விறகின் ஒரு பகுதி, எரியாமல் கூரை வழியே போவதேயாகும். மேலே கணக்கிட்ட நீர் நஷ்டத்தோடு இந்தப் புகை நஷ்டமும் சேர்கிறது.

3. புகையால் தேகத்திற்கு விளையும் தீங்கு

விறகுச் செலவு ஒருபுறமிருக்க, அடுப்பங்கரையில் நாள்தோறும் மூன்று நாலு மணி நேரம் இருப்பவர்களின் தேக ஆரோக்கியமே பெரிய விஷயமாகும். சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணன் முதலியோர், தமிழ்நாட்டுக் கிராம வீடுகளில் சுவாசத்தோடு உட்செல்லும் புகைத்தூளைக் கருவிகொண்டு அளந்து 2002-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். விறகு முதலியவை எரிக்கும் வீடுகளில் இத்தூள் எரிவாயு எரிக்கும் வீடுகளைவிட மிக அதிகமென்றும், சமைப்பவரேயன்றி அருகில் இருப்பவர்களும் அதனைச் சுவாசிக்கிறார்களென்றும் தெரியவந்தது. நாட்பட்ட இருமல், மூச்சிரைப்பு, குழந்தைகளுக்கு நுரையீரற் சளிச்சுரம், கண்ணோய் ஆகியவை இப்புகையால் மிகுகின்றனவென்பது வைத்தியர்களின் அபிப்பிராயம். உலர்ந்த விறகு புகையை அறவே போக்கிவிடாது; ஆனால் வெகுவாகக் குறைக்கும்.

ஈரவிறகைப் பற்றவைக்க மண்ணெண்ணெய் ஊற்றுவதும், பிளாஸ்டிக் பை, சைக்கிள் டயர்த் துண்டு முதலியவற்றைக் கொளுத்துவதும் மழைக்காலத்தில் வழக்கமாகிவிட்டன. மண்ணெண்ணெய் ஊற்றுவதால் சேலையில் தீப்பற்றி உயிர்ச்சேதம் நேர்கிறது. பிளாஸ்டிக்கும் டயரும் எரியும் புகை விஷமாகும். இவ்வழக்கங்களை அடியோடு விலக்கவேண்டும். கையில் உலர்ந்த சுள்ளியிருந்தால் இவற்றுக்கு இடமேயில்லை.

4. நமது பள்ளத்தாக்கில் கிடைக்கும் விறகு மரங்கள்

கனமான மரமே நின்று எரிந்து நல்ல தணல் கொடுக்கும். அவ்வகையில் கண்மாய்க் கரைகளிலுள்ள நாட்டுக் கருவேல் முதன்மையானது. உசிலை, வெள்வேல், புளி, வேம்பு, இலந்தை ஆகியவையும் நல்லவையே. புளிய மரம் உலர்ந்தபின் கோடாலிக்கு எளிதில் பிளவுபடாது. ஆகவே பச்சையாயிருக்கும்போதே பிளந்துவிட வேண்டும்.

சீமைக் கருவேல் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நாட்டில் நடப்பட்டு, பின்பு கண்மாய்களையும் தரிசுகளையும் ஆக்கிரமித்துக்கொண்டது. நிலத்திற்கு அது தொல்லையாயினும் விறகுக்கு மிகச் சிறந்தது. ஓரளவு ஈரமிருக்கும்போதும் எரியக்கூடியது. இதனை வேரோடு களைந்து விறகாக்குவதில் இரட்டை லாபமுண்டு. முள்ளை மட்டும் களத்திலேயே கழித்துவிட வேண்டும்.

போடிநாயக்கனூர்ப் பக்கத்தில் ஏராளமாயுள்ள இலவ மரமும், முருங்கையும், கல்யாண முருங்கையும் இலேசான மரங்கள். இவை சட்டென்று எரிந்து சாம்பலாகும்; தணல் நில்லாது. தென்னை மட்டை, பாளை, பருத்திமார், துவரைமார், மல்பெரிக் குச்சி ஆகியவற்றைத் தீ மூட்டுவதற்கென்று தனியே கட்டி வைத்துக்கொள்ளலாம். திராட்சைத் தோட்டங்களில் கவாத்துச் செய்த கொடிகளும் உலர்ந்தபின் நல்ல சுள்ளியே. ஆனால் மருந்து தெளித்த கொடிகளைச் சமையலடுப்பில் இடலாகாது. அரளிக் கட்டையை எவ்விதத்திலும் எரிக்கக்கூடாது. அதன் புகையும் விஷமானது. வர்ணம் பூசிய பழைய கதவு, பலகை முதலியவற்றுக்கும் இவ்விதியே.

5. வெட்டும் பருவம்

நமது பள்ளத்தாக்குக்கு வடகிழக்குப் பருவமழையே அடைமழைக் காலம். அது ஐப்பசியில் வலுத்து மார்கழி வரையில் நீடிக்கும். ஆகையால் விறகை வெட்டத் தகுந்த காலம் தையும் மாசியுமாகும். அப்போது மழை ஓய்ந்திருக்கும். அறுவடை முடிந்து ஆட்களும் வண்டியும் கிடைக்கும். முன்னே எட்டு மாதம் உலரும் காலம் இருக்கும். பங்குனி, சித்திரை வெயிலும், அதன்பின் ஆனி, ஆடியில் மேற்கு மலைகளின் கணவாய்கள் வழியாக வீசும் பெருங்காற்றும் நமக்குச் செலவில்லாத உலர்த்தும் யந்திரங்களாம். ஆண்டிபட்டிப் பக்கத்தில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று நம் விறகுக் கட்டையின் ஈரத்தையும் உறிஞ்சும். புரட்டாசியில் வெட்டிக் கார்த்திகையில் எரிக்க நினைப்பவருக்கு இவ்விரண்டும் இல்லை.

மரத்தை வெட்டியவுடன் கிளைகளைக் கழிக்காமல் இலையோடு பத்துப் பதினைந்து நாள் விட்டு வைத்தால், இலைகள் தண்டிலுள்ள நீரை இழுத்து ஆவியாக்கும். இலை வாடி உதிர்ந்தபின் துண்டு போடலாம்.

6. பிளத்தலும் அடுக்குதலும்

பட்டை, நீர் வெளியேறாதபடி மரத்தைக் காக்கும் தோல் போன்றது. முழு உருளையாய்க் கிடக்கும் கட்டை ஒரு வருஷமாகியும் நடுவில் ஈரம் போகாமலிருக்கும். அதையே மணிக்கட்டுக் கனத்துக்குப் பிளந்தால் கோடையில் இரண்டு மூன்று மாதத்திலும், அதனிலும் பருத்தவை ஆறு மாதத்திலும் உலரும். நீர் கட்டையின் பக்கங்களைவிட வெட்டு முகத்தின் வழியாகவே பன்மடங்கு விரைவில் வெளியேறும். ஆதலால் நீளக்கட்டையாய் வைப்பதைவிட ஒரு முழ நீளத்துக்குத் துண்டு போடுவது மேல். அடுப்பு வாய்க்கும் அதுவே சரியான அளவு.

அடுக்கும்போது பின்வருமாறு செய்க:

தரையில் கற்களையிட்டு அவற்றின்மேல் குறுக்குக் கட்டைகள் போட்டு, ஒரு சாண் உயரத்துக்கு மேலே அடுக்கத் தொடங்கவேண்டும். மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் விறகில் கரையான் ஏறும், ஈரமும் ஊறும்.

ஒரு கட்டை அகலமுள்ள ஒற்றை வரிசையாக, நாலடி உயரத்துக்கு மேற்படாமல் அடுக்கவேண்டும். குவியலாகக் கொட்டினால் நடுவிலுள்ளவை உலராது, பூசணம் பூக்கும்.

வரிசை வடக்குத் தெற்காக ஓடவேண்டும். அப்போது மேற்கிலிருந்து வரும் ஆடிக் காற்று கட்டைகளின் வெட்டு முகத்தில் மோதி ஊடே நுழைந்து போகும்.

மேலே தென்னங்கீற்றோ தகரமோ வேய்ந்து, பக்கங்களைத் திறந்து விடவேண்டும். தார்ப்பாயால் நாற்புறமும் மூடிக் கட்டுவது தவறு. உள்ளிருந்து வரும் ஆவி வெளியேற வழியின்றி மறுபடியும் விறகிலேயே படியும்.

புரட்டாசி முடிவதற்குள் வடகிழக்குப் பக்கத்தைக் கீற்றால் மறைத்து, ஒரு மாதத் தேவையைத் தாழ்வாரத்துக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். ஒரு வாரத் தேவையை அடுப்புக்கு மேலே, தீ நாக்கு எட்டாத உயரத்தில், பரணில் வைக்கும் நம் முன்னோர் வழக்கம் மிக நல்லதே.

விறகடுக்கு வைக்கோற்போருக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் தள்ளியே இருக்கவேண்டும். அடுக்கிலிருந்து விறகெடுப்பவர்கள் முதலில் கழியால் தட்டிவிட்டு எடுப்பது நன்று. தேளும் பாம்பும் அங்கே தங்குவதுண்டு.

7. உலர்ந்ததென்று அறிவது எப்படி?

உலர்ந்த கட்டையின் வெட்டு முகத்தில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வெடிப்புகள் காணப்படும். பட்டை தானே கழன்று வரும். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கும். பச்சையாயின் மந்தமான சத்தமே வரும். அடுப்பிலிட்டதும் கட்டையின் மறுமுனையில் சீறிக்கொண்டு நுரை தள்ளுமாயின் அது இன்னும் உலரவில்லை.

இவற்றைவிட நிச்சயமான வழி தராசு. அடுக்கும்போதே வெவ்வேறு இடங்களில் ஐந்து கட்டைகளுக்குச் சுண்ணாம்பால் அடையாளமிட்டு, எடையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நாளைக்கொருமுறை நிறுத்துப் பாருங்கள். முதலில் எடை வேகமாய்க் குறையும். பிறகு மெல்லக் குறையும். அடுத்தடுத்த இரண்டு நிறுவைகளுக்குள் வித்தியாசம் காணாவிட்டால் விறகு எரிக்கப் பக்குவமாகிவிட்டதென்று கொள்ளலாம்.

எவ்வளவு விறகு தேவையென்பதையும் இவ்வாறே கணக்கிடலாம். ஒரு வாரம் எரியும் விறகை நிறுத்துச் சராசரி பாருங்கள். உதாரணமாக, நாளொன்றுக்கு உலர்ந்த விறகு 5 கிலோ ஆகுமானால், மூன்று மாத மழைக்காலத்துக்கு 450 கிலோ வேண்டும். இதற்குத் தை மாதத்தில் பச்சையாய் வெட்டவேண்டியது சுமார் 765 கிலோ.

8. அடுப்பில் எரிக்கும் முறை

நல்ல விறகும் எரிக்கும் முறை தவறினால் புகையும். அடுப்பு நிறையத் திணிக்காமல், இரண்டு மூன்று பிளவுகளை இடைவெளிவிட்டு, நுனிகள் மட்டும் தீயில் படும்படி வைத்து, எரிய எரிய உள்ளே தள்ளவேண்டும். சாம்பலை நாள்தோறும் அள்ளிக் காற்றுக்கு வழிவிட வேண்டும். ஒரே தீயில் பக்கத்துப் பானையும் வேகும் கொடியடுப்பு, ஒற்றை அடுப்பைவிடச் சிக்கனமானது. பானையை மூடிச் சமைப்பதும் சிக்கனமே.

புகையை வெளியேற்றும் குழாயடுப்பு நமக்குப் புதிதன்று. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா முன்னின்று நடத்திய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் இருப்பிடமான வார்தாவிலிருந்து, மகன் அடுப்பு 1947-ஆம் ஆண்டளவில் வெளிவந்தது. ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிச் சாலையில் எஸ்.பி. ராஜு வகுத்த புகையில்லா அடுப்பும் பிரசித்தமானது. பின்னர் 1980-களில் தொடங்கி 2002 வரை மத்திய சர்க்கார் இத்தகைய அடுப்புகளை நாடெங்கும் பரப்பியது. ஆயினும் பல வீடுகளில் அவை நிலைக்கவில்லை. குழாயைச் சுத்தம் செய்யாமையும் அதற்கொரு காரணம். பச்சை விறகின் புகை குழாயினுள் குளிர்ந்து தார்போல் படிந்து வழியை அடைத்துவிடும். அடுப்பைத் திருத்தினாலும் விறகைத் திருத்தாவிட்டால் பயனில்லை என்பதற்கு இதுவே சாட்சி. குழாயடுப்பு உள்ளவர்கள் மாதத்துக்கொருமுறை கரியைத் தட்டவேண்டும்.

அடுப்புச் சாம்பலில் சாம்பற்சத்தும் சுண்ணாம்பும் உண்டு. மழையில் நனைந்தால் சாம்பற்சத்து கரைந்து போகும். ஆகவே மூடிய பானையில் சேர்த்து வைத்துத் தென்னைக்கும் வாழைக்கும் இடுக. யூரியா முதலிய தழைச்சத்து உரங்களோடு கலந்து இடலாகாது.

9. மலைத் தோட்டம் உடையவர்களுக்கு

நமது பள்ளத்தாக்கு மிராசுதாரர்களில் பலர் மலைமேல் ஏலத்தோட்டம் உடையவர்கள். அங்கே விறகால் சூடேற்றும் உலர்த்தறையில், 45 முதல் 55 டிகிரி வரையுள்ள சீரான உஷ்ணம் ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் நிலைத்திருக்க வேண்டும். ஈரவிறகால் உஷ்ணம் ஏறுவதும் இறங்குவதுமாயிருந்தால் காயின் பச்சை நிறம் கெடும். போடிச் சந்தையில் விலை குறையும். அறுவடையின் பெரும்பகுதி மழை நாட்களிலேயே நடப்பதால், உலர்த்தறைக்கு முந்தின கோடையிலேயே விறகைக் கூரைக்கடியில் சேர்ப்பது வீட்டைவிட அங்கே அவசியம்.

மேகமலை போன்ற குளிரிடங்களில் மார்கழி இரவில் கரியடுப்பையோ கணப்புச் சட்டியையோ அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது உயிருக்கே அபாயம். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குபவர் உறக்கத்திலேயே மாண்டுபோவர். படுக்குமுன் தணலை வெளியே கொண்டுபோய் வைத்துவிட வேண்டும்.

10. கிராம அதிகாரிகளின் கவனத்திற்கு

மலையடிவாரக் கிராமங்களில் மழைக்காலத்தில் விறகு தட்டுப்பட்டவுடன் ஜனங்கள் காட்டை நோக்கிப் போகிறார்கள். 1882-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி ஒதுக்குக் காட்டில் அனுமதியின்றி மரம் வெட்டுவது குற்றம். மேகமலைப் பகுதி 2021-ஆம் ஆண்டில் புலிகள் காப்பகத்தில் சேர்க்கப்பட்டபின் இக்கட்டுப்பாடு இன்னும் கடுமையானது. வைகை உற்பத்தியாவதும் அம்மலைகளிலேயே. எனவே தண்டனைக்குப் பயந்து மட்டுமன்றி, நமது வயலுக்கு வரும் தண்ணீரைக் கருதியும் அக்காடு காக்கப்பட வேண்டும். பச்சையாய் எரிக்கும் வீடு, உலர்த்தி எரிக்கும் வீட்டைவிட அதிக மரத்தை விழுங்குகிறது என்பதை ஊர்க்கூட்டங்களில் எடுத்துச் சொல்லலாம்.

1981 முதல் சுவீடன் நாட்டு உதவியுடன் நடந்த சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் தமிழ்நாட்டுக் கண்மாய்களில் நாட்டுக் கருவேல் வளர்க்கப்பட்டது. இத்தகைய மரங்களை முறைப்படி ஏலம் விடும்போது, கண்மாய் வற்றிய கோடையின் ஆரம்பத்திலேயே வெட்டி முடியும்படி நாட்களை வகுத்தால், ஊராருக்குக் கிடைக்கும் விறகு மழைக்கு முன் உலர்ந்துவிடும். கோயில் அன்னதானம், பொது விசேஷம் ஆகியவற்றுக்கு எடைக்கு விறகு வாங்குகிறவர்கள், சித்திரைக்குள் வாங்கி அடுக்கிவிடுவதும், பிற்காலத்தில் வாங்கினால் உலர்ந்ததா என்று தட்டிப் பார்த்து விலை பேசுவதும் பொதுப்பணத்தைக் காக்கும் வழியாகும்.

முடிவு

விதை நெல்லை விதைக்கும் நாளன்று தேடுகிற விவசாயி எவருமில்லை. முந்தின அறுவடையிலேயே காயவைத்துப் பத்திரப்படுத்துகிறோம். மழைக்கால விறகையும் அவ்வாறே கருதவேண்டும். தை மாசியில் வெட்டுக, வெட்டியவுடன் பிளக்க, கல்லின்மேல் ஒற்றை வரிசையாய் அடுக்குக, மேலே மூடிப் பக்கங்களைத் திறந்து விடுக, புரட்டாசிக்குள் கூரைக்கடியில் சேர்க்க. இதற்குக் கைமுதல் ஒன்றும் தேவையில்லை. இரண்டு நாள் வேலையும் எட்டு மாதப் பொறுமையுமே போதும். வரும் ஐப்பசியில் வீட்டுப் பெண்கள் ஊதுகுழலை எடுக்கவேண்டிய அவசியமில்லாமற் போகுமானால், அதுவே இம்முறையின் பலனுக்குப் போதிய அத்தாட்சியாகும்.